மக்காச்சோளச் சிப்ஸும் டிரைவர் சீட்டும்

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், பஸ் டிரைவர்களுக்கு உடம்பு பார்க்கும் டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். திருப்தி இல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் அடுத்த கையில் கட்டிப் பார்த்தார். கையை மாற்றினால் மட்டும் பிரஷர் மாறிவிடுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எத்தனை வருஷமா ஓட்றீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் சார்."

"பிரஷரும் இருக்கு, சுகரும் இருக்கு. ரெண்டையும் வச்சிக்கிட்டு அறுபது பேர ஏத்திக்கிட்டுப் போங்கன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. மூணு மாசம் டைம் தரேன். மாத்திரை போடுங்க, நடங்க, வாயக் கட்டுங்க. கொறைஞ்சா வண்டிய எடுங்க. கொறையலேன்னா டைம் ஆபீஸ்தான்."

டைம் ஆபீஸ் என்றால் பெரிய அலுவலகம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கம்பி ஜன்னல், அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, ஒரு நோட்டு. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். போகிற வண்டியை எல்லாம் எழுதுகிறவன் எங்கும் போகமாட்டான். எனக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருந்தது. எட்டு வருஷம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது பயந்துவிட்டேன்.

குற்றம் என்னுடையதுதான். பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூர், அரியலூரிலிருந்து திரும்பப் பெரம்பலூர் என்று நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. இன்ஜின் மூடிமேல், கியர் கம்பிக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு சிப்ஸ் பாக்கெட் பிரிந்து கிடக்கும். அரியலூரில் வண்டி நிற்கிற பதினைந்து நிமிஷத்தில் பேக்கரியில் பஃப்ஸ், அதன் தலையில் சிவப்புச் சாஸ். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பார்க்கப் பிடிக்காமல் இரண்டு நிமிஷ நூடுல்ஸ். பிள்ளைகளுக்காக வாங்க ஆரம்பித்த பழக்கம் அது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். நூடுல்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் மனைவிக்குப் பிறந்த வீடு செட்டிகுளம். இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளமும் கொஞ்சம் பருத்தியுமாக அவள்தான் பாடுபடுகிறாள். நான் அறுவடைக்கு லீவு போட்டு நின்று, இடைஞ்சல் செய்வதோடு சரி. டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னபோது பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அவளோ களைக்கொத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"வாயக் கட்டுங்கன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேக்கமாட்டீங்க. ஒங்களுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க, அத வூட்டுலயே நல்லவிதமா செஞ்சி தரேன். ஆனா வெளியில கை நீட்டக் கூடாது."

நான் வெட்கமே இல்லாமல் வரிசையாகச் சொன்னேன். நூடுல்ஸ், சாஸ், சிப்ஸ்.

முதலில் நூடுல்ஸ். கேழ்வரகு மாவைப் பிசைந்து இடியாப்ப அச்சில் பிழிந்து ஆவியில் வைக்கப் போனாள். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். "நூடுல்ஸ்னா தண்ணியில கொதிக்கணும். ரெண்டு நிமிஷம். பாக்கெட்லயே போட்டிருக்கு" என்று சட்டம் பேசினேன். அவள் கொதிக்கிற தண்ணீரில் பிழிந்துவிட்டு அடுப்படியை விட்டு விலகி நின்றுகொண்டாள். இரண்டு நிமிஷத்தில் நூல் நூலாக விழுந்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து நல்ல களியாகிவிட்டது. அன்று இரவு கீரைக்குழம்பு ஊற்றி அந்த நூடுல்ஸைக் கரண்டியால் வெட்டி வெட்டித் தின்றோம். மறுநாள் அவள் வழியில் விட்டேன். ஆவியில் வெந்ததை உதிர்த்து, கேரட்டும் பீன்ஸும் பொடியாக வதக்கிச் சேர்த்து, மிளகைத் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சாஸ் அவளுக்கு எளிதில் கைகூடியது. தக்காளியை வேகவைத்து வடிகட்டினால் புளிப்பு இருக்கிறது, நிறம் இருக்கிறது. இனிப்புக்கு என்ன செய்வது? சர்க்கரை கூடாது. செட்டிகுளத்தில் வெங்காயத்தைச் சேர்த்துவைக்கிற பட்டறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. சின்ன வெங்காயத்தைச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்தாள். வெங்காயம் காரத்தை விட்டுப் பழுப்பேறி, தொட்டு நக்கினால் தித்தித்தது. அதைத் தக்காளியோடு அரைத்து, ஒரு பல் பூண்டும் வறமிளகாயும் சேர்த்துச் சுண்டவிட்டாள். கடைச் சாஸில் தக்காளி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதில் தேட வேண்டியதில்லை. நான் தோசைக்கும் தொட்டுக்கொண்டேன், அடைக்கும் தொட்டுக்கொண்டேன், கடைசியில் விரலாலேயே தொட்டுக்கொண்டேன்.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. மார்கழிக் கடைசியில் நான் புத்தியைக் காட்டினேன். அந்த மூன்று மாதத்துக்கும் எனக்கு டைம் ஆபீஸில்தான் டூட்டி. ஒரு நாள் மத்தியானம், என் பழைய வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனசு தாங்கவில்லை. எழுந்து போய் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி, தூணுக்குப் பின்னால் நின்று ஒரே மூச்சில் தின்றேன். காலிப் பாக்கெட்டை மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. எடுத்துப் போட்டது ஞாபகம் இல்லை.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாக்கெட், துவைத்துக் காயவைத்து, நீவி வைக்கப்பட்டிருந்தது.

"நீங்கதான் படிச்சவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிச் சொல்லுங்க" என்றாள்.

எழுத்து எறும்பைவிடச் சின்னது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். உருளைக்கிழங்கு, பாமாயில், உப்பு, சர்க்கரை, அதற்கப்புறம் எண் போட்ட சாமான்கள், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் சாமான்கள். படித்து முடிப்பதற்குள் எனக்கே அவமானமாக இருந்தது. அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "சிப்ஸுதான் ஒங்களால விட முடியலன்னு தெரிஞ்சிபோச்சு. பொங்கல் போவட்டும், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பொங்கல் போகட்டும் என்றதற்குக் காரணம் இருந்தது. தை பிறந்தால் எங்கள் பக்கத்தில் சோளம் ஒடிக்கிற காலம். பெரம்பலூர் மாவட்டத்தில் கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம்தான். ஆனால் அதை விளைவிக்கிற யாரும் தின்னமாட்டோம். எல்லாம் மூட்டையாகிக் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். ரோட்டோரத்தில் சுட்டு விற்கிற இளங்கதிரோடு எங்களுக்கும் சோளத்துக்கும் உள்ள உறவு முடிந்தது. அந்தக் கோழித் தீவனத்தில்தான் எனக்குச் சிப்ஸ் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

இந்தச் சோளத்தோடு எனக்குப் பழைய பகை ஒன்று உண்டு. மிஷினில் அடித்த சோளத்தைக் காயப்போட எல்லாருக்கும் களம் கிடையாது. தார்ரோட்டில்தான் கொட்டுவார்கள். ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டி, ஓரத்தில் கல்லையும் முள்ளையும் வரிசையாக வைத்துவிடுவார்கள். பஸ் போக மீதிப் பாதிதான். எதிரே ஒரு லாரி வந்தால் அவன் நிற்பதா நான் நிற்பதா என்று பஞ்சாயத்து. தை, மாசி இரண்டு மாதமும் நான் ஹாரனிலிருந்து கையை எடுத்ததில்லை. தலையில் துண்டு போட்டுக்கொண்டு சோளத்தைக் காலால் துழாவுகிற பெண்களை, "ரோடு என்ன ஒங்க அப்பன் வூட்டுக் களமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே போவேன். எங்கள் வீட்டுச் சோளமும் அதே ரோட்டில்தான் காயும், என் மனைவியும் அந்தத் துண்டுக்காரர்களில் ஒருத்திதான். அவளையும் சேர்த்தேதான் கேட்பேன்.

காய்ந்த புதுச் சோளத்தை மாவாக்கி, தட்டை மாதிரி தட்டிக் கல்லில் சுட்டாள். என் கண்டக்டர் அன்று வீட்டுக்கு வந்திருந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், பத்து மடங்கு வாய். ஒன்றை எடுத்துக் கடித்தான். கடிபடவில்லை. கடைவாய்க்கு மாற்றினான்.

"அண்ணே, அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துலேர்ந்து நேரா வருதாண்ணே இது?"

மனைவி சிரிக்கவில்லை. சோளத்தின் தோல்தான் சதி செய்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு நாள் செல்போனில் தேடிக்கொண்டிருந்தாள். எங்கோ கடல் தாண்டிய ஒரு நாட்டில் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத் தோலை உரிப்பதைக் காட்டினார்களாம். "வூட்டுல சுண்ணாம்பு இருக்கா?" என்று கேட்டாள்.

சுண்ணாம்பா? என் பூர்வீகம் அரியலூர். என் அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பைப் பற்றி எனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டுமா? "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று அவளைச் சோளக்காட்டுக்கு அனுப்பிவிட்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்து மீந்த வாளியைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒரு படி சோளம், ஒரு கிண்ணம் சுண்ணாம்பு, அடுப்பில் ஏற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று வெள்ளையில் நீலம் கலந்திருந்தோம். அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவள் வந்து மூடியைத் திறந்தபோது மஞ்சளாகப் போட்ட சோளம் ஆகாய நிறத்தில் தளதளவென்று வெந்துகொண்டிருந்தது. பானைக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பானைக்குள் பார்த்தாள்.

"செவுத்துக்கு அடிக்கிறத வயித்துக்கு அடிக்கப் பாத்தீங்களா?"

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நீலச் சோளத்தைக் கோழிகூடக் கொத்திவிடக் கூடாது என்று இரண்டு பேருமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அடுத்த முறை வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுத்தாள். அதில் சோளத்தை வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டாள். காலையில் கையால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலைந்து தண்ணீர் விட்டு அலசிக் கிரைண்டரில் கெட்டியாக அரைத்தாள். எண்ணெய் தடவிய பால் கவர் இரண்டுக்கு நடுவில் மாவை வைத்து, தட்டின் அடியால் அழுத்தி மெல்லிசாக்கினாள். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சுட்டு, கத்தியால் முக்கோணமாக வெட்டி, கடலை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி மறுபடியும் கல்லிலேயே மொறுக விட்டாள். உப்பு ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகைதான்.

ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைத்தான் நான் இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. வாயில் பாமாயில் வழவழப்பு இல்லை. சுட்ட கதிரின் வாசனை வந்தது. வெங்காயச் சாஸில் தொட்டு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நன்றாக இருக்கிறது என்று இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "தெரியுது, தட்டு காலி" என்றாள். அன்றிலிருந்து ஒரு சின்ன டப்பா என்னோடு டைம் ஆபீஸுக்கு வந்தது. டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தூணுக்குப் பின்னால் போகிற வேலை இல்லாமல் போனது.

தைக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், முறம் நிறைய நொறுங்கிய சோளத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. "இப்ப வர்ற டிரைவரு ஓரத்துல ஏத்திட்டுப் போயிட்டாரு. ஒதுங்கவே இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ரோட்டில் கொட்டினால் ஏற்றத்தான் செய்வான் என்று என் பழைய வாய் எழுந்தது. நொறுங்கிய மணிகளை அவள் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மாசியில் டாக்டரிடம் போனேன். அவர் பட்டையைக் கட்டினார், எண்ணைப் பார்த்தார், ரத்தச் சீட்டைப் பார்த்தார். அடுத்த கையைக் கேட்கவில்லை. "என்ன பண்ணுனீங்க?" என்றார். நடந்தேன் சார், மாத்திரை விடவில்லை சார் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தேன். ஒன்று எடுத்தார். பேசிக்கொண்டே மூன்று எடுத்தார்.

"எந்தக் கடை?"

"கோழித் தீவனம் சார்" என்றேன்.

மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, சிப்ஸானாலும் ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது என்று மிரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அந்தக் கம்பி ஜன்னலை வெளிப்பக்கமாக நின்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அழுகை வருகிற மாதிரி சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் டூட்டி. சீட்டைத் துடைத்தேன், ஸ்டியரிங்கைத் துடைத்தேன், துடைக்க வேண்டாததையும் துடைத்தேன். இரண்டாவது நடையில் எங்கள் ஊர் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினால், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் தூக்கு டப்பாவோடு என் மனைவி ஏறுகிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் வண்டியில் ஏறியதே இல்லை. ஆரம்பத்தில் கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள் என்று எனக்குக் கூச்சம், வராதே என்று நான்தான் சொன்னேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. டவுனுக்குப் போவதென்றால் வேறு வண்டி பார்த்துப் போய்விடுவாள்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்றான் கண்டக்டர்.

"வண்டி எதுவரைக்கும் போவுதோ அதுவரைக்கும்."

"லேடீஸுக்கு ஃப்ரீதான். ஆனா ஒங்ககிட்ட அந்த டப்பாவ வாங்கிக்கச் சொல்லி எங்களுக்கு ஆர்டர் வந்திருக்கு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினான்.

முன்சீட்டில், நான் ஓட்டுவது தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். டப்பா பின்னால் போய்க் கைமாறியது. வண்டி முழுக்க மொறுக் மொறுக் என்று சத்தம். யாரோ ஒரு பெரியவர், "இது நம்ம சோளமா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

குன்னம் தாண்டியதும் ரோட்டில் பாதி மஞ்சளாகிவிட்டது. இடது பக்கம் முழுக்கச் சோளம், கல், முள். துண்டு போட்ட நாலைந்து பெண்கள். எதிரே சிமெண்டு லாரி. என் கை ஹாரனுக்குப் போனது, வாய் பழைய கேள்வியைக் கேட்கத் தயாரானது. இரண்டாம் கியருக்கு இறக்கி, சோளத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, லாரியைப் போகவிட்டேன். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, கல் வரிசைக்கு ஒரு சாண் இந்தப் பக்கமாக மெதுவாக ஊர்ந்தேன்.

"எத்தனையோ வண்டி இந்தச் சோளத்துமேல ஏறிப் போயிருக்கு" என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒங்க வண்டி ஒரு நாளும் ஏறுனதில்ல. வாயிதான் திட்டும், சக்கரம் ஏறாது. இருபது வருஷமா வெளியில நின்னு பாத்திருக்கேன். நீங்க ஜன்னலுக்குப் பின்னால ஒக்காந்துட்டா இந்த ரோட்டுக்கு யாரு வருவாங்க? அதுக்குத்தான் அந்தப் பாடு பட்டேன்."

துண்டு போட்ட பெண்களில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "திட்டுற டிரைவரு வந்துட்டாரு டோய்" என்று மற்றவர்களிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே முள்ளை ஓர் அடி உள்ளே இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் ஒரு சிப்ஸ் கொடு என்று இடது கையை மட்டும் நீட்டினேன்.

"வண்டி நிக்கட்டும்" என்றாள்.

கையை ஸ்டியரிங்குக்கே கொண்டுபோய்விட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். சோளம் ஒரு மணிகூட நசுங்காமல் வெயிலில் கிடந்தது.